எம்டி ரெய்டு-1 துவக்க வட்டாக, சொந்தக் கெர்னலோடு: ஒரு விமர்சனம்

லினக்ஸில் இரண்டு வட்டுகளில் ஒன்றை மற்றொன்றின் பிம்பமாக வைத்திருக்க (இதற்குப் பெயர்தான் ரெய்டு-1) காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் எம்டி டிரைவரும், அதை ஆட்டிவைக்கும் எம்டிஆடம் என்ற கட்டளையும் போதும். தரவு வட்டுகளுக்கு இந்த ஜோடி எப்படி என்று கேட்டால் அருமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். கணினி எழுந்திருக்கும் வட்டே இந்தப் பிம்பமாக இருந்து, அதன்மேல் நீங்களே கம்பைல் செய்த கெர்னலையும் ஏற்றினால்தான் கதை வேறு. இங்கே பார்ப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ் வெளியீடு, கெர்னலை ஏற்றிவிடும் கிரப் 2, இரண்டு சாட்டா அல்லது என்விஎம்இ வட்டுகள் என்ற வழக்கமான அமைப்பு.

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம். எம்டிக்கு 10-க்கு 9. அதைச் சுற்றி டெபியன் செய்திருக்கும் துவக்க ஏற்பாட்டுக்கு 6. சொந்தக் கெர்னலுக்கு வெளியாள் மதிப்பெண் போட முடியாது. அது கெர்னல் தெரிவுகளை எழுதிய உங்கள் கான்ஃபிக் கோப்பு வாங்கும் மதிப்பெண். எம்டிஆடத்தை நீல் பிரவுன் எழுதத் தொடங்கியது 2001-இல். அதற்கு முன் ரெய்டுடூல்ஸ் என்ற தொகுப்பும், ரெய்டுடேப் என்ற கோப்பும் இருந்தன. அந்தக் காலத்துக் குறிப்புகள் இன்றும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து இன்றைய கணினியைச் சரிசெய்யப் போனால் இருக்கிற கோளாறோடு இன்னொன்றும் சேரும்.

பிம்பத்துக்கு வெளியே நிற்பவை

எம்டி வேலையைத் தொடங்குவது கெர்னல் எழுந்த பிறகுதான். அதற்குள் பலகையில் பொதிந்த ஃபர்ம்வேர், துவக்கக் கோப்புகள் உள்ள இஎஸ்பி பகுதி, கிரப், பிறகு கெர்னலும் அதோடு ஏறும் தற்காலிகக் கோப்புப் பொட்டலமான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் என்று வேலை பல கை மாறியிருக்கும். கெர்னலுக்கு முன்னால் வருபவற்றில் கிரப்புக்கு மட்டும் எம்டியைப் படிக்கத் தெரியும். ஃபர்ம்வேருக்கு ரெய்டு என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் "ரெய்டு போட்டாச்சு, ஒரு வட்டு போனாலும் கவலையில்லை" என்று நிம்மதியாக இருப்பவர் கணினியில், முதல் வட்டு செத்த அன்று இரண்டாவது வட்டில் தரவெல்லாம் பத்திரமாக இருக்கும். எழுப்பத்தான் ஆள் இருக்காது.

யூஇஎஃப்ஐ என்ற புதுவகை ஃபர்ம்வேர் உள்ள பலகைகளில் சிக்கல் இஎஸ்பியில் தொடங்குகிறது. அது ஃபேட் பகுதியாக இருக்க வேண்டும், ஃபர்ம்வேர் அதை நேரடியாகப் படிக்கும். தீர்வுகள் இரண்டு. ஒன்று, இரு இஎஸ்பிகளையும் மெட்டாடேட்டா 1.0 போட்டு எம்டி பிம்பமாக்குவது. 1.0-இல் சூப்பர்பிளாக் (அணியின், அதாவது சேர்த்த வட்டுகளின் விவரக்குறிப்பு) பகுதியின் கடைசியில் போய் உட்காரும், அதனால் ஃபர்ம்வேர் கண்ணுக்கு அது சாதாரண ஃபேட் பகுதிதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஃபர்ம்வேரோ வேறொரு இயங்குதளமோ ஒரு பக்கம் மட்டும் ஒரு கோப்பை எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் வேறாகிவிடும், எம்டிக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது வழி, இரண்டு இஎஸ்பிகளைத் தனித்தனியாக வைத்து, கிரப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் முதலாவதை இரண்டாவதற்கு நகலெடுப்பது. பரிந்துரை இதற்குத்தான். நகலெடுத்தால் மட்டும் போதாது. இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கொண்டு இரண்டாவது வட்டில் கிரப்பை ஏற்றும் ஷிம் கோப்புக்கு ஒரு துவக்கப் பதிவும் உருவாக்க வேண்டும். சில பலகைகள் வட்டைக் கழற்றி மாட்டினாலே அந்தப் பதிவை மறந்துவிடும். அதனால் கிரப்-இன்ஸ்டாலை 'ரிமூவபிள்' தெரிவோடு இன்னொரு முறை ஓட்டி, இஎஃப்ஐ அடைவுக்குள் பூட் அடைவில் பூட்எக்ஸ்64 என்ற பெயரிலும் ஒரு நகல் வைத்துவிடுங்கள். பதிவு எதுவும் இல்லாதபோது ஃபர்ம்வேர் தேடிப்போகும் கடைசி இடம் அது. உபுண்டுவின் கிரப் தொகுப்பு பல இஎஸ்பிகளைத் தானே கவனித்துக்கொள்கிறது. டெபியன் 12-இல் அது இல்லை. 6 மதிப்பெண்ணுக்கு முதல் காரணம் இதுதான்.

பழைய பயாஸ் முறையில் வேலை குறைவு. ஜிபிடி என்ற புதுவகைப் பகுதி அட்டவணை உள்ள வட்டானால் ஒவ்வொன்றிலும் 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பகுதி ஒன்று, இரு வட்டுகளிலும் தனித்தனியே கிரப்-இன்ஸ்டால், அவ்வளவுதான். கிரப்-பிசி தொகுப்பை மறுஅமைவு செய்து இரண்டு வட்டுகளையும் டிக் செய்துவிட்டால் அடுத்தடுத்த புதுப்பிப்புகளிலும் இரண்டுக்கும் போகும்.

பூட் அடைவு எம்டியின் மேல் இருக்கும்போது "டிஸ்க்ஃபில்டர் ரைட்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்" என்று ஒரு பிழை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். பயப்பட ஒன்றுமில்லை. கிரப்புக்கு எம்டியைப் படிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. கடைசியாகத் தேர்ந்த கெர்னலை நினைவில் வைத்துக்கொள்ளும்படி 'சேவ்டிஃபால்ட்' அமைப்பு போட்டிருந்தால் அது கிரப்இன்வ் கோப்பில் எழுதப் பார்த்துத் தோற்கும். அந்த அமைப்பை எடுத்துவிட்டால் செய்தியும் போய்விடும். புதுக் கெர்னலைச் சோதிப்பவர்கள் விரும்பும் வசதி அது என்பதால் கொஞ்சம் எரிச்சல்தான்.

சூப்பர்பிளாக் எங்கே உட்கார்ந்திருக்கிறது

எம்டியின் மெட்டாடேட்டா வடிவங்களில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். பழைய 0.90 பகுதியின் இறுதியில் இருக்கும். 1.0-உம் இறுதியில். 1.1 சரியாகத் தொடக்கத்தில். 1.2 தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி. எம்டிஆடம் தானாகத் தேர்ந்தெடுப்பது 1.2. கிரப் 2 இதைச் சிரமமில்லாமல் படிக்கும். பழைய கிரப்பும் லைலோவும் படிக்காது. அந்தக் காலத்தில் 0.90 அல்லது 1.0 வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். இன்றைக்கு ரூட்டுக்கும் (இயங்குதளம் உள்ள பகுதி) பூட்டுக்கும் (கெர்னல் கோப்புகள் உள்ள பகுதி) 1.2 போதும், இஎஸ்பியைப் பிம்பமாக்கினால் மட்டும் 1.0. இறுதியில் சூப்பர்பிளாக் உள்ள வடிவங்களில் ஒரு ஆபத்தும் உண்டு. பிம்பத்தின் ஒரு பாதியை எம்டி இல்லாமலே நேரடியாக மவுண்ட் செய்ய முடியும், அப்படிச் செய்து ஒரு கோப்பை எழுதிவிட்டால் இரு பாதிகளும் சத்தமில்லாமல் பிரிந்துவிடும். மீட்பு யூஎஸ்பியில் எழுப்பி "எஸ்டிஏ2-வை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று போவது இந்தக் காரணத்தால்தான் வேண்டாம். பார்த்தே ஆக வேண்டுமானால் படிக்க மட்டும் என்ற தெரிவோடு மவுண்ட் செய்யுங்கள்.

கெர்னல் தானே அணியைக் கண்டுபிடித்து இணைத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு, ஆட்டோடிடெக்ட் என்று பெயர். அது 0.90 வடிவத்துக்கும், பழைய எம்பிஆர் அட்டவணை உள்ள வட்டில் எஃப்டி என்ற வகை எண் கொண்ட பகுதிகளுக்கும் மட்டும். 1.2 வடிவ அணியைக் கெர்னல் தானாக இணைக்காது. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் எம்டிஆடம்தான் இணைக்க வேண்டும். "எல்லாவற்றையும் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டேன், இனிட்ராம்எஃப்எஸ் எதற்கு" என்று கேட்பவர்கள் தடுமாறி விழுவது இங்கேதான். ரூட்டை யூயூஐடி என்ற அடையாள எண் கொண்டு குறிப்பிடும் வசதியும் கெர்னலுடையது அல்ல, இனிட்ராம்எஃப்எஸ் செய்துதரும் வேலை. அது இல்லாத கெர்னலுக்குப் பகுதியின் பார்ட்யூயூஐடி மட்டும் புரியும், எம்டிக்கு அதனால் பயனில்லை.

கெர்னல் கட்டும்போது

பூட் அடைவில் இருக்கும் டெபியன் கான்ஃபிக்கை நகலெடுத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டித் தொடங்குவதே பாதுகாப்பு. கம்பைல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சான்றிதழ்க் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றால், சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற அமைப்பில் டெபியனின் கோப்புப் பாதை அப்படியே இருக்கிறது என்று பொருள். அதைக் காலி மேற்கோள் குறிகளாக மாற்றிவிடுங்கள். கட்டாயம் இருக்க வேண்டியவை: எம்டி ஆதரவு, ரெய்டு-1, சாட்டாவுக்கு ஏஎச்சிஐயும் எஸ்சிஎஸ்ஐ வட்டு டிரைவரும், அல்லது என்விஎம்இ டிரைவர், ரூட் கோப்பு முறைமை, ஜிபிடி பகுதி அட்டவணைக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன், டெவ்டிஎம்பிஎஃப்எஸ், இனிட்ராம்டிஸ்க் ஆதரவு, அதோடு உங்கள் இனிட்ராம்எஃப்எஸ் எந்த முறையில் சுருக்கப்பட்டதோ அதைப் பிரிக்கும் தெரிவு. டெபியன் 12-இல் அது இசட்எஸ்டிடி. இது விடுபட்டால் கெர்னலால் பொட்டலத்தையே அவிழ்க்க முடியாது. எம்டிக்கு மேல் எல்விஎம் (இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கும் அடுக்கு) வைத்திருந்தால் டிவைஸ் மேப்பரும் சேரும்.

கம்பைல் நேரத்தைக் குறைக்க மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டுவோர் அதிகம். அந்தக் கணத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (கெர்னலோடு தனியாகச் சேரும் துண்டுகள்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டித் தள்ளிவிடும் கட்டளை அது. இஎஸ்பி அப்போது மவுண்ட் ஆகியிருக்கவில்லை என்றால் விஃபேட்டும் அதற்குத் தேவையான சிபி437 எழுத்துக்குறி மாட்யூலும் போய்விடும். ரூட் நன்றாக எழும், பிறகு இஎஸ்பியை மவுண்ட் செய்ய முடியாமல், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி அவசர நிலைக்குத் தள்ளும். ரெய்டு கெட்டுப்போனது என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். இந்தக் கட்டளையை ஓட்டுமுன் அணியின் இரு வட்டுகளும், இஎஸ்பியும், அவசரத்துக்குப் பயன்படுத்தப்போகும் யூஎஸ்பி விசைப்பலகையும் இணைந்திருக்கட்டும்.

கட்டி முடிக்க மேக் பின்டெப்-பிகேஜி நல்லது. டெப் தொகுப்பாக வரும், நிறுவும்போது இனிட்ராம்எஃப்எஸ் உருவாவதும் கிரப் பட்டியல் புதுப்பிப்பதும் தானாக நடக்கும், பிடிக்கவில்லையென்றால் தொகுப்பாகவே நீக்கலாம். கையால் நிறுவுவோர் வரிசையை மாற்றக் கூடாது. மாட்யூல்ஸ் இன்ஸ்டால் முதலில், இன்ஸ்டால் பிறகு. இன்ஸ்டால் நடக்கும்போதுதான் இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்படும். மாட்யூல்கள் அப்போது அடைவில் இல்லையென்றால் ரெய்டு-1 இல்லாத வெற்றுப் பொட்டலம் கிடைக்கும். இன்னொரு வழக்கமான அடி, அளவு. பிழைத்திருத்தத் தகவலோடு கட்டிய மாட்யூல்கள் அப்படியே உள்ளே போனால் இனிட்ராம்எஃப்எஸ் சில நூறு எம்பிக்கு வீங்கும். பூட் பகுதி நிரம்பி, கோப்பு பாதியில் அறுந்து நிற்கும். அல்லது கிரப் நினைவகம் போதவில்லை என்று கைவிரிக்கும். மாட்யூல்களை நிறுவும்போது இன்ஸ்டால் மாட் ஸ்டிரிப் மதிப்பை 1 என்று கொடுத்தால் தீர்ந்தது. பூட் பகுதிக்கு 2 ஜிபி ஒதுக்கினால் மூன்று நான்கு கெர்னல்களைத் தாராளமாக வைக்கலாம்.

செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கையொப்பமிடாத கெர்னலைக் கிரப் ஏற்ற மறுக்கும். ஷிம் கையொப்பம் சரியில்லை என்ற செய்தி வரும். சொந்தச் சாவியை மோக்யூட்டில் மூலம் பதிந்து எஸ்பிசைன் கொண்டு கெர்னலில் ஒப்பமிடலாம், அல்லது செக்யூர் பூட்டை அணைக்கலாம். ரெய்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கணினியை மறுதொடக்கம் செய்யும் முன் ஒரே ஒரு சோதனை. எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையில் புதுப் பொட்டலத்தைக் கொடுத்து உள்ளே ரெய்டு1 மாட்யூல், எம்டிஆடம் நிரல், அதன் கான்ஃப் கோப்பு, வட்டு டிரைவர் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெய்டு-1ஐக் கெர்னலுக்குள்ளேயே கட்டியிருந்தால் மாட்யூலாகத் தெரியாது, அது கோளாறல்ல. கான்ஃப் கோப்பு முக்கியம். எம்டிஆடத்தை டீடெயில், ஸ்கேன் என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டி வரும் வரிகள் அதில் இருக்க வேண்டும். சேர்த்தபின் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்ட வேண்டும். இரண்டாவது படியை மறந்தால் உள்ளே பழைய கோப்பே இருக்கும், எம்டி0 என்று நீங்கள் வைத்த அணி எம்டி127 என்ற பெயரில் எழும். யூயூஐடி கொண்டு குறிப்பிட்டிருந்தால் தப்பித்தீர்கள். மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் எம்டி0 என்றே எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டீர்கள்.

திரையில் வரும் எண்கள்

எழாத கணினியின் திரையில் பயனுள்ளது அந்தக் கடைசி வரிதான்: ரூட் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்நோன் பிளாக் என்று சொல்லி அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள். (0,0) என்றால் நீங்கள் சொன்ன ரூட் சாதனம் எது என்றே கெர்னலுக்குப் புரியவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் ஏறவில்லை, அல்லது அவிழவில்லை, அல்லது வட்டு டிரைவர் இல்லை. முதல் எண் 9 என்றால் எம்டி டிரைவர் இருக்கிறது, சாதன வகையைச் சொல்லும் அதன் மேஜர் எண்தான் 9. அணி இணையவில்லை, இல்லாவிட்டால் அதன்மேல் உள்ள கோப்பு முறைமைக்குக் கெர்னலில் ஆதரவில்லை. 8 என்றால் ரூட் அளபுரு எம்டியை விட்டுவிட்டு ஒற்றை சாட்டா வட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரிக்கு மேலே, கெர்னல் தனக்குத் தெரிந்த பகுதிகளைப் பட்டியலிட்டிருக்கும். பட்டியல் காலியாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், வட்டு டிரைவர்தான். வட்டுகள் தெரிந்து அவற்றின் பகுதிகள் தெரியாவிட்டால் ஜிபிடி ஆதரவு விடுபட்டிருக்கிறது. உருண்டோடி மறையும் வரிகளைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது கேவலமான வழி போலத் தோன்றினாலும் வேலை செய்யும் வழி.

இப்படிக் கெர்னல் நின்றுபோகும் பேனிக் வராமல், ரூட் சாதனத்துக்காகக் காத்துச் சலித்துவிட்டேன் என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் விட்டால் பாதி ஜெயித்த மாதிரி. கெர்னலும் பொட்டலமும் சரி. அங்கே ப்ராக் அடைவின் எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்கள். முதல் வரியில் பர்சனாலிட்டீஸ் என்பதற்கு எதிரே ரெய்டு1 இல்லையென்றால் மாட்ப்ரோப் கொண்டு ஏற்றுங்கள். ஏற மறுத்தால் மாட்யூல் உள்ளே இல்லை. இருந்தால் எம்டிஆடத்தை அசெம்பிள், ஸ்கேன் தெரிவுகளோடு ஓட்டுங்கள். அணி செயலற்றது என்று காட்டினால் ரன் தெரிவோடு அந்த அணியின் பெயரைக் கொடுங்கள். பிறகு எக்ஸிட் என்று தட்டினால் துவக்கம் விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுந்ததும் கான்ஃப் கோப்பைச் சரிசெய்து பொட்டலத்தை மறுபடி கட்டாவிட்டால் அடுத்த முறையும் இதே ஷெல்தான். இந்த இடத்தில் கிரியேட் கட்டளையை மட்டும் தொடாதீர்கள். அணியை "மறுபடி உருவாக்குவது" சூப்பர்பிளாக்கைப் புதிதாக எழுதும். வடிவமோ தரவு தொடங்கும் இடமோ மாறினால் இருந்த கோப்பு முறைமை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஒரு வட்டைப் பிடுங்கிப் பார்த்தல்

இதைச் செய்யாதவரை ரெய்டு போட்டதாகவே கணக்கில் வைக்க வேண்டாம். முதலில் க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் 8 ஜிபி அளவில் இரண்டு வட்டுக் கோப்புகளை வைத்துச் செய்யலாம். கியூ35 இயந்திர வகையைத் தேர்ந்தால் ஏஎச்சிஐ வழியாகவே வட்டுகள் வரும், உங்கள் கெர்னலில் விர்ட்டியோ டிரைவர் இல்லாவிட்டாலும் ஓடும். ஓவிஎம்எஃப் என்ற யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோடு எழுப்பி, அடுத்த முறை ஒரு கோப்பை மட்டும் கொடுத்து எழுப்புங்கள், பிறகு மற்றதை மட்டும்.

குறைப்பட்ட அணியோடு எழும்போது டெபியன் உடனே எழாது. இன்னொரு வட்டு தாமதமாக வரக்கூடும் என்று சில பத்து விநாடிகள் காத்திருந்துவிட்டு, இருப்பதை வைத்து அணியைத் தொடங்கும். தொங்கிவிட்டது என்று ரீசெட்டை அழுத்தாதீர்கள். ரூட் அல்லாத அணிகளுக்கு சிஸ்டம்டியில் 30 விநாடி டைமர் ஒன்று இதே வேலையைச் செய்கிறது. பூட்டிகிரேடட் என்ற அளபுருவைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் பழைய உபுண்டுக்கானவை. இதன்பின்னும் அவசர நிலைக்குப் போனால் எஃப்எஸ்டேபைப் பாருங்கள். செத்த வட்டின் இஎஸ்பி அங்கே கட்டாயமாக எழுதப்பட்டிருந்தால் சிஸ்டம்டி 90 விநாடி காத்துவிட்டு மேலே போக மறுக்கும். இரண்டு இஎஸ்பி வரிகளுக்கும், இல்லாவிட்டாலும் மேலே போகச் சொல்லும் நோஃபெயில் போடுங்கள். ஸ்வாப்பையும் (நினைவகத்துக்குத் துணையான வட்டிடம்) எம்டியின் மேலேயே வையுங்கள். ஒற்றை வட்டில் ஸ்வாப் இருந்து அந்த வட்டு ஓட்டத்தில் செத்தால் ரெய்டு இருந்தும் நிரல்கள் விழும்.

சோதனைக்குப் பின் வட்டைத் திரும்ப மாட்டினால் கெர்னல் அதை நான்-ஃப்ரெஷ் என்று சொல்லி ஒதுக்கிவைக்கும். அது சரியான நடத்தை. ரீ-ஆட் கொடுங்கள், மாறிய இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால் அவை மட்டும் நகலாகிச் சில நிமிடத்தில் முடியும். 100 ஜிபிக்கு மேற்பட்ட அணிகளுக்கு எம்டிஆடம் பிட்மேப்பைத் தானே போட்டுவிடும். நிஜ வட்டுகளில் செய்யக் கூடாதது ஒன்று: முதல் வட்டை மட்டும் வைத்து எழுப்பிவிட்டு, ஒத்திசைக்காமல் இரண்டாவதை மட்டும் வைத்து எழுப்புவது. இரண்டு பாதிகளும் மற்றது செத்துவிட்டதாக எழுதிக்கொள்ளும். பிறகு இரண்டையும் சேர்த்து மாட்டும்போது எது உண்மை என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லி, மற்றதன் சூப்பர்பிளாக்கை அழித்துப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

வட்டு நிஜமாகவே போனால் புதியதில் பகுதி அட்டவணையை எஸ்ஜிடிஸ்க் கொண்டு நகலெடுக்கலாம். அதன் பெரிய ஆர் தெரிவில் இலக்கு வட்டுதான் முதலில் வரும், மூலம் கடைசியில். மாற்றிக் கொடுத்தால் நல்ல வட்டின் அட்டவணை போய்விடும், இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். பிறகு பெரிய ஜி கொடுத்து அடையாள எண்களைப் புதிதாக்கி, எம்டிஆடத்தில் பகுதிகளைச் சேர்த்து, இஎஸ்பியை நகலெடுத்து, துவக்கப் பதிவை உருவாக்குங்கள். கடைசி இரண்டையும் மறப்பவர்களே அதிகம்; அடுத்த வட்டு சாகும்வரை தெரியாது. 1 டிபி வட்டு நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒத்திசைய இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். புதிய வட்டு பழையதைவிடச் சில எம்பி சிறியதாக வந்து காலை வாரும் சம்பவம் உண்டு, அதனால் தொடக்கத்திலேயே கடைசிப் பகுதியின் பின்னால் ஒன்றிரண்டு நூறு எம்பி காலியாக விடுவது நல்லது.

எம்டியில் அந்த ஒரு மதிப்பெண் குறைந்தது ஏன்

தரவு கெட்டதா என்று காட்டும் செக்சம் இல்லை. இரண்டு நகல்களும் வேறுபட்டால் எது சரி என்று ரெய்டு-1க்குத் தெரியாது. ரிப்பேர் கொடுத்தால் ஒரு நகலை எடுத்து மற்றதன் மேல் எழுதும். டெபியன் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சரிபார்ப்பை ஓட்டுகிறது, மிஸ்மேட்ச் எண்ணிக்கையும் தருகிறது. ஸ்வாப் உள்ள அணியில் அந்த எண்ணிக்கை பூச்சியமாக இல்லாவிட்டாலும் பதற வேண்டியதில்லை. வட்டு விழுந்தால் ரூட் பயனருக்கு அஞ்சல் போகும், அஞ்சல் அமைப்பே இல்லாத கணினியில் அது யாருக்கும் போகாது. எம்டிஆடம் மானிட்டரை ஒன்ஷாட், டெஸ்ட் தெரிவுகளோடு ஒருமுறை ஓட்டி அஞ்சல் கைக்கு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

செக்சம் வேண்டும் என்பவர்களுக்கு பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ரெய்டு-1 கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஒரு வட்டு இல்லாதபோது டிகிரேடட் என்ற மவுண்ட் தெரிவைக் கையால் கொடுத்தால்தான் எழும். ஆளில்லாத இடத்தில் இருக்கும் சர்வருக்கு அது ஒத்துவராது. இசட்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமை கெர்னலுக்கு வெளியே கட்டப்படும் மாட்யூல். அது ஆதரிக்கும் கெர்னல் வரம்பைத் தாண்டிய புதுக் கெர்னலைக் கட்டினால் ரூட்டே திறக்காது, சொந்தக் கெர்னல்காரர்களுக்கு அது இரட்டைத் தலைவலி. வன்பொருள் ரெய்டு அட்டையோடு போனால் இஎஸ்பி பிரச்சினை மறைந்துவிடும், ஃபர்ம்வேருக்கு ஒரே வட்டாகத்தான் தெரியும். ஆனால் அட்டை செத்தால் பெரும்பாலும் அதே வகை அட்டையைத் தேடி அலைய வேண்டும். எம்டி வட்டை எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் திறக்கும். மாதத்துக்கு ஒரு கெர்னல் கட்டுபவர், டெபியனின் கெர்னல் ஒன்றை நீக்காமல் கிரப் பட்டியலில் அடுத்த வரியில் வைத்துக்கொண்டு, எம்டியையே எடுத்துக்கொள்ளலாம்.